ஈரத்தின் மேல் போட்ட ஒட்டு

‘ஒட்டு’ என்றால்தான் அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. படகு, தண்ணீர்த் தொட்டி, பேருந்தின் முகப்பு என்று ஃபைபரில் எது உடைந்தாலும் அவர் பட்டறைக்குத்தான் வரும். வாய் கொஞ்சம் நீளம். “உடைச்சது யாருன்னு கேக்க மாட்டேன், எத்தனை நாளா ஒளிச்சு வச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்று வாடிக்கையாளர்களைச் சீண்டுவார்.

மழைக்காலம் பிறந்த கையோடு அவருடைய அண்ணன் வந்து சேர்ந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, நெஞ்சில் இழுப்பு. கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போன காலத்தில் வாங்கிய பழைய ஃபைபர் கேரவன்தான் அவருக்கு வீடு. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் அந்த வண்டி ஒழுக ஆரம்பித்துவிட்டது. அதைப் பட்டறையில் விட்டுவிட்டு, தம்பியின் ஒற்றை அறை வீட்டில் மூன்றாவது ஆளாகப் படுத்துக்கொண்டார்.

ஜன்னலின் கீழ்மூலையில் கோழிக்கால் போல ஒரு கீறல். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே பூசி அனுப்பியிருப்பான். ஒட்டு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் ‘டக்’ என்றது. கீறலுக்கு மேலே ‘பொத்’ என்றது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினால், கூரையும் சுவரும் சேரும் இடத்தில் பூச்சு வெடித்திருந்தது. தண்ணீர் நுழைந்தது அங்கே, வெளியே தெரிந்தது இங்கே. ஃபைபரை வெட்டித் திறந்தபோது உள்ளே இருந்த பலகையின் ஓரம் ஊறிய ரொட்டியாகக் கையோடு வந்தது.

“பச்சையா இருக்குண்ணே. காயணும்” என்றார்.

காயாத ஈரத்துக்குப் பட்டறையில் அதுதான் பெயர். பச்சையின் மேல் ரெசின் பசையைப் போட்டால் வெளியே கல்லாக இறுகிவிடும், உள்ளே ஈரம் போக வழியில்லாமல் அழுகும். அவசரப்படுகிறவர்களை, “சீழோட வச்சுத் தையல் போடுவாங்களா?” என்று கேட்டே திருப்பி அனுப்பிவிடுவார்.

மின்விசிறி வைத்தார், விளக்கு வைத்தார். மழை விட்டபாடில்லை. அண்ணனின் இருமலும் விட்டபாடில்லை. “உங்க அண்ணன் நல்லவர்தாங்க. ஆனா இன்னும் எத்தனை நாளைக்கு?” என்றாள் மனைவி. அவள் மேல் பழி போடுவது சுலபம். உண்மையில் பொறுமை போனது ஒட்டுக்குத்தான். அந்த இருமலும், ஈரத் துண்டும், காலை நீட்ட இடமில்லாத படுக்கையும் அவருக்கு எரிச்சலாக இருந்தன.

ஒரு மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அண்ணனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஒட்டு கையை உதறிவிட்டு எழுந்து பட்டறைக்குப் போனார். பலகையில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்றிருந்தது. திரும்பி வந்து, “காஞ்சிருச்சுண்ணே, மூடிடலாம்” என்றார்.

வேலையில் குறை வைக்கவில்லை. ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, ஃபைபர் விரிப்பை அடுக்கடுக்காக ரெசினில் நனைத்து ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் உருளையால் அழுத்தி, இறுகியதும் இழைத்துப் பளபளக்க வைத்தார். அண்ணன் தடவிப் பார்த்து, “கண்ணாடி மாதிரி பண்ணிட்டேடா” என்றார். ஊரின் ஓரத்தில் ஒரு காலி மனையில் வண்டியை நிறுத்திவிட்டு வந்த ஒட்டு, அன்று நிம்மதியாகத் தூங்கினார். அதன்பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மழை ஓய்வதற்குள் மனைக்காரர் போன் செய்தார். அண்ணனை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

அண்ணனுக்கு மாற்றுத்துணி எடுக்க வண்டிக்குள் ஏறிய ஒட்டுக்கு நாற்றம் முகத்தில் அடித்தது. கட்டிலை ஒட்டிய சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. தலையணையிலும் அதே கறுப்பு. வெளியே வந்து, தான் போட்ட ஒட்டைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கொஞ்சம் மோசமாகப் போட்டிருந்தால்கூட ஈரம் எப்படியாவது வெளியேறியிருக்கும். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் கையை அவர் வெறுத்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். “அண்ணே, அன்னிக்கு அது காயல. பச்சையாத்தான் இருந்துச்சு.”

அண்ணன் மூச்சுக் கவசத்தை விலக்கினார். “தெரியும்டா. காலைலயே நான் தொட்டுப் பாத்தேன்.”

“அப்புறம் ஏண்ணே வாயத் திறக்கல?”

“காஞ்சிருச்சுன்னு நீ சொன்னா, கிளம்புன்னு அர்த்தம். அதுகூடவா எனக்குப் புரியாது?” அண்ணன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இழுப்பாக மாறியது. நர்ஸ் ஓடிவந்து கவசத்தை மாட்டிவிட்டாள்.

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல ஒட்டு வாயைத் திறந்தார். ஆனால் அப்படித்தான். “வீட்டுக்கு வந்துடுண்ணே” என்றார் கடைசியில். சரி என்பதாக அண்ணன் தலையை ஆட்டினார்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியுமாக அலமாரியை வெளியே தூக்கிப் போட்டு, ஜன்னலோரம் அண்ணனுக்குப் படுக்கை விரித்தார்கள். அதில் படுக்க அவர் உயிரோடு வரவில்லை.