திருப்பிக் கொடுத்த தட்டு

என் தங்கை இருந்தாள். அவள் வீட்டுக்காரர் இருந்தார். அவர்கள் பெண், புதுப் புடவையில், போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மாப்பிள்ளைப் பையனும் இருந்தான், அவனும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா, அம்மா. போட்டோ எடுக்கிறவர். என் அம்மா சுவரில், படமாக, மாலையோடு. கடைசியாக நான், வாசல் பக்கத்து நாற்காலியில், மடியில் ஒரு துணிப்பையோடு. போன ஞாயிறு, கோவிலம்பாக்கத்தில் தங்கை வீட்டில், அவள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம்.

நடுவில் வரிசைத் தட்டுகள். எல்லாம் கடையில் அலங்காரம் செய்து வாங்கியவை. ஒன்றில் சாக்லேட்டை மயில் மாதிரி அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாசனைதான் இல்லை. அந்தக் காலத்துத் தட்டு கூடத்துக்குள் வந்தால் மல்லிகையும் வெற்றிலையும் முதலில் வரும், ஆள் அப்புறம்தான் வருவார்.

கல்யாணப் பெண், என் மருமகள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நாங்க ஒரு வருஷம் டேட்டிங் பண்ணோம். அப்புறம்தான் வீட்ல சொன்னோம், தெரியுமா?"

"யாரு மொதல்ல சொன்னது? நீயா, அவனா?"

"யாரும் சொல்லல மாமா. அதுவா ஆயிடுச்சு."

அதுவாக ஆகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

பம்மலில் எனக்கு டூவீலர் மெக்கானிக் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் சொல்வது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றம் தெரு முழுக்க அடிக்கும். எங்களுக்குத் தெரியாது, பழகிவிட்டது. வெளியாட்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். அவள் பொத்தவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். ஜப்பான்காரி என்பதை இரண்டாவதாகத்தான்.

பெயர் நவோமி. "சர்ச்சுக்குப் போறவங்களா?" என்று கேட்டேன். இல்லையாம், அவர்கள் ஊரிலும் அந்தப் பெயர் உண்டாம். தாம்பரத்தில் இன்ஜினியர் பையன்களுக்கு ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுக்க ஒரு வருஷ வேலைக்கு வந்திருந்தாள். பாத்திமா அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தாள். அக்காவிடம்தான் தமிழ் கற்றுக்கொண்டாள், அதனால் அக்கா மாதிரியே பேசுவாள். ஓட்டுவது ஒரு பழைய மொபெட்.

அந்த மொபெட் வாரா வாரம் என் கடைக்கு வந்தது. ஸ்டார்ட் ஆகவில்லை என்பாள். பார்த்தால் ப்ளக் கேப் கழன்றிருக்கும். தானாகக் கழலாது, யாராவது பிடுங்கினால்தான் வரும். மாட்டுவதற்கு ஒரு நொடி போதும். நான் ஒரு மணி நேரம் மாட்டுவேன்.

எதிர் டீக்கடை செல்வம் விடமாட்டான். "மச்சான், உன் ஆளு வண்டிய தள்ளிகினு வருது. இன்னிக்கி இன்னா, ப்ளக்கா? இல்ல, நேத்து போட்ட ப்ளக்கா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போவோம். ரயிலில் எங்கேயும் போகமாட்டோம். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, இறங்குகிற கூட்டத்தைப் பார்ப்போம். ஆளுக்கு ஒரு டீ. எங்களுக்கு நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம் விட்டிருப்பேன். ஒரு நாள் ஒரு பெரியவர் நிஜமாகவே வந்து அங்கே உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுந்து போன பிறகு கேட்டாள். "நாம வாரா வாரம் இங்க வர்றோம். இதுக்கு என்ன பேரு?"

"டீ குடிக்கிறது."

சிரித்தாள். பிறகு சொன்னாள். "எங்க ஊர்ல எத்தன தடவ சேந்து போனாலும் ஒண்ணும் இல்ல. ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லணும். புடிச்சிருக்கு, என்கூடப் பழகுவீங்களான்னு கேக்கணும். அன்னைக்குத்தான் ஆரம்பம்."

"இங்க அப்டி சொன்னா அன்னிக்கே முடிஞ்சிபூடும். வூட்டுக்குத் தெரிஞ்சா ஒதைதான்."

"அப்ப எப்படி ஆரம்பிப்பாங்க?"

"பெரியவங்க பேசுவாங்க."

"நாம பேச மாட்டோமா?"

"மாட்டோம்," என்றேன்.

பீச் ஸ்டேஷனிலிருந்து ரயில் வந்து நின்றது. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, டீ கிளாசைப் பார்த்தாள்.

எனக்கு அப்பா இல்லை. தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள். அவள் விஷயம் முடியும் முன்னால் அண்ணன்காரன் தன் விஷயத்தைத் திறந்தால், அதுவும் ஜப்பான் என்று திறந்தால், பெண் கேட்டு யார் வருவார்கள்? தங்கையை ஒரு வீட்டில் சேர்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். இதை நவோமியிடம் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு என்ன இருக்கிறது, அவளுக்கே தெரியும் என்று நினைத்தேன்.

தங்கைக்கு இடம் அமைந்தது. நிச்சயத்துக்கு நவோமியையும் கூப்பிட்டேன். "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க. பெரியவங்க எல்லாரும் இருப்பாங்க."

"எல்லாப் பெரியவங்களுமா?" என்று திரும்பக் கேட்டாள். பிறகு, "எனக்கு வேல முடியுது. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேனா, ஊருக்குப் போறேனான்னு திங்கக்கெழம ஆபீஸ்ல சொல்லணும்," என்றாள்.

"இருங்க, இருங்க," என்றேன், போல்ட் முடுக்கிக்கொண்டே.

ஞாயிறு காலை அவள் வந்தாள். பாத்திமா அக்கா கட்டிவிட்ட பச்சைப் புடவை. இரண்டு கையிலும் எவர்சில்வர் தாம்பாளம். ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை, கற்கண்டு, மல்லிகைப் பந்து. பந்தின் நடுவில் ஒரு புது ஸ்பார்க் ப்ளக். வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வாம்மா, வா. இத்தெல்லாம் இன்னாத்துக்கு?" என்று அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். நவோமி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். அம்மா எங்கள் தட்டுகளை எண்ணிவிட்டு என்னைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்தாள்.

"இன்னாடா, பன்னெண்டா பூட்ச்சி. ரெட்டப்படையில வெச்சா நல்லாவா கீது? சொந்தக்காரங்க தட்ட எடுத்தா மூஞ்சத் தூக்குவாங்க. அந்த ஜப்பான் பொண்ணு நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி, ஒண்ணும் நெனச்சிக்காது. அது தட்ட அதுகிட்டயே குடுத்துடு. வெறுமனே குடுக்காத." சொல்லிக்கொண்டே பழத்தின் மேல் இரண்டு லட்டு வைத்தாள்.

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும், மரியாதையாக.

நவோமி தட்டைப் பார்த்தாள். "அம்மா குடுக்கச் சொன்னாங்களா?"

"ஆமா. அம்மாதான்."

"நீங்க?"

"நானும்தான்," என்றேன். "இன்னும் ரெண்டு லட்டு வெக்கட்டுமா?"

அவள் குனிந்து வணக்கம் சொன்னாள். எப்போதும் குனிவதைவிட அதிக நேரம் குனிந்திருந்தாள். அதற்குள் வாசலில் கார் சத்தம். மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை. சாப்பிடாமல் போய்விட்டாளே, வகுப்பு இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு மொபெட் வரவில்லை. எனக்கும் கல்யாண வேலை. பத்திரிகை கொடுக்கப் பாத்திமா அக்கா வீட்டுக்குப் போனேன். மாடி பூட்டியிருந்தது. மொபெட் படிக்குக் கீழே நின்றது, ப்ளக் கேப் ஒழுங்காக மாட்டியபடி.

"போயிடுச்சேப்பா, போன வாரமே," என்றார் அக்கா. நான் நின்றதைப் பார்த்து, "நீங்கதான வேணாம்னு தட்டத் திருப்பிட்டீங்க?" என்றார்.

"இன்னாக்கா சொல்றீங்க?"

"இங்கெல்லாம் எப்படி சம்பந்தம் பேசுவாங்கன்னு ஒரு நாள் கேட்டுச்சு. பெரியவங்க இருக்கும்போது தட்டு எடுத்துட்டுப் போவாங்க, வாங்கிக்கிட்டா சம்மதம், திருப்பிட்டா இல்லன்னு அர்த்தம்னு சொன்னேன். சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குதுன்னு நெனச்சேன். விசேஷத்துக்குக் கொண்டு போறேன்னுதான் தட்டயும் வாங்கிட்டுப் போச்சு. அன்னைக்கு அதே தட்டோட வந்து படியில ஒக்காந்துச்சு பாரு, அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு. நீங்க வேணாம்னுட்டீங்க. அதுல நான் வந்து என்னப்பா கேக்க முடியும்?"

"அக்கா, ரெட்டப்படையா பூட்ச்சிக்கா," என்றேன். 

அவள் வேலை பார்த்த இடத்தில் போய் விலாசம் கேட்டேன். தரமுடியாது என்றார்கள். கிரீஸ் கையோடு போய் ஒரு பெண்ணின் விலாசம் கேட்டால் யார் தருவார்கள்? அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சாகும்வரை, "அந்த ஜப்பான் பொண்ணு ஒரு வார்த்த சொல்லாம பூட்ச்சே," என்பாள். எனக்கும் பெண் பார்த்தார்கள். தட்டு எடுத்துக்கொண்டு போக நான் ஒப்பவில்லை. அப்படியே வருஷம் போய்விட்டது.

இப்போது பம்மலில் அந்த நாற்றம் இல்லை. செல்வத்தின் டீக்கடையில் செல்போன் விற்கிறார்கள். அந்த மாதிரி மொபெட்டுக்கு ப்ளக் கேட்டால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்க்கிறான். பாத்திமா அக்கா வீட்டை இடித்து பிளாட் கட்டிவிட்டார்கள். காலி செய்யும் அன்று அக்கா கடைக்கு வந்து, "இது உங்கிட்டயே இருக்கட்டும்பா," என்று தாம்பாளத்தையும், காகிதத்தில் மடித்த ப்ளக்கையும் வைத்துவிட்டுப் போனார். தாம்பாளத்தின் ஓரத்தில் அவர் வீட்டுக்காரர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அதில் நட்டு, போல்ட் எதுவும் நான் போட்டதில்லை. சும்மாதான் வைத்திருந்தேன்.

போன ஞாயிறு விடியற்காலை தாம்பரம் மார்க்கெட்டில் ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை, கற்கண்டு, மல்லிகைப் பந்து வாங்கினேன். மருமகள் எழுந்து போனதும் பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து எல்லாவற்றையும் அடுக்கினேன். பூவுக்கு நடுவில் ப்ளக்கை வைத்தேன். வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன்.

தங்கை அவசரமாக வந்தாள். "அண்ணா, தட்டெல்லாம் எண்ணிட்டியா? ஒத்தப்படதான?"

"ஒத்தப்படதான். பதினொண்ணு."

போய்விட்டாள். நான் மறுபடியும் எண்ணினேன்.

அந்தத் தாம்பாளத்தோடு பன்னிரண்டு.