தங்கை கேட்ட பெயர்

சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் தங்கையின் பெயர்மேல் எனக்கு முப்பது வருடப் பொறாமை. அவள் நந்தினி. நான் குப்பம்மாள். கல்கத்தாவில், பவானிபூர் பள்ளியில் அவள் பெயரைப் பாட்டு மாதிரி கூப்பிடுவார்கள்; என் பெயருக்கு அர்த்தம் கேட்டுச் சிரிப்பார்கள்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் அம்மா என்னை முறத்தில் வைத்துப் பின்சந்துக் குப்பைமேட்டில் போட்டாள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியம்மா, மாஷிமா என்போம், எடுத்து, ஒரு பிடி தவிட்டுக்குத் திருப்பிக் கொடுத்தாள். குப்பையை எமன் சீண்டமாட்டான் என்று நம்பிக்கை. நான் பிழைத்ததும் அம்மாவுக்குப் பயம் விட்டது. தங்கைக்கு அழகான பெயராகத் தேடி வைத்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நந்தினிக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. முதல் இரண்டும் பிறந்த வாரமே போயிருந்தன. அப்படியும், இதற்கு என்ன ஒய்யாரப் பெயரோ என்று பொருமிக்கொண்டேதான் பெயர் வைக்கும் நாளன்று போனேன்.

குப்பைத்தொட்டியருகே முறத்தில் குழந்தை கிடந்தது.

"நீ எடு அக்கா. ஒன் பேரத்தான் வைக்கப்போறேன்" என்றாள் நந்தினி.

"இந்தப் பேரும் ஒனக்கே வேணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அந்தப் பேர்தானே ஒன்னக் காப்பாத்துச்சு" என்றாள்.

குழந்தையை எடுத்து, காதில் மூன்று முறை "குப்பு" என்றேன். என் பெயரை நானே ஆசையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

குழந்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ள நந்தினி தவிட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அதை வாங்க எனக்குக் கை வரவில்லை.