கிங்ஸ்பரிக் கிடங்கு

2009 மாசியில் கொட்டிய பனி கரைந்தபோது, லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வாசலுக்கு நேரே றோட்டு பெருங்குழியாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நான் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறவன். அந்தக் கிடங்கில் விழுந்து இரண்டு தரம் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. மூன்றாம் தரமும் உடைந்தால் கார் பழைய இரும்புக்குத்தான் போகும், நான் வீட்டில் குந்தியிருந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

கவுன்சிலுக்கு எழுதி எழுதி விரல் தேய்ந்தது. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. உள்ளூர் றோட்டுகளைத் திருத்த அரசாங்கம் காசு ஒதுக்கியிருக்கிறதாம். செவ்வாய் காலை ஓர் அதிகாரி வந்து கிடங்குகளை அளப்பாராம். ஆழம் போதுமென்றால் முழுத் தெருவுக்கும் புதுத் தார். தலைகால் புரியாமல் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எனக்கு ஓட்டை வாய்.

பக்கத்து வீட்டு அண்ணை ஜெர்மனியில் பதினைந்து வருஷம் கட்டட வேலை செய்துவிட்டு வந்தவர். டொச் பாஷை தண்ணீராக ஓடும், இங்கிலீசு மட்டும் வாய்க்குள் நுழையாது.

செவ்வாய் விடிய ஷிப்ட் முடித்து வந்து காரை நிறுத்துகிறேன், குலுங்கவே இல்லை. இறங்கிப் பார்த்தால் கிடங்கைக் காணவில்லை! சீமெந்து போட்டு, மட்டம் பிடித்து, மேலே ஈரச் சாக்கும் விரித்திருந்தது. பக்கத்தில் மேசன் கரண்டியோடு அண்ணை.

“பெரிய ஆள் வாறார் எண்டு நீதானே சொன்னனீ. றோட்டு இப்பிடிக் கிடந்தா எங்களுக்கெல்லோ மரியாதை இல்லை? நேற்றுப் பின்னேரமே போட்டிட்டன்.”

அட கடவுளே! ஊரில் மந்திரி வருகிறார் என்றால் முதல் நாள் றோட்டை மெழுகுவார்கள். அந்தப் புத்தியை இந்த மனுசன் ஜெர்மனியாலும் சுற்றிக்கொண்டு லண்டன் வரை கொண்டுவந்திருக்கிறார். வந்த ஆத்திரத்துக்குச் சாக்கைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன்.

அதற்குள் அதிகாரியின் வான் வந்துவிட்டது. அண்ணை உள்ளே ஓடினார். அதிகாரி சாக்கைத் தூக்கிப் பார்த்தார், கையிலிருந்த அளவுகோலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கிடங்கு எங்கே என்றார். நேற்று வரை இங்கேதான் இருந்தது என்றேன். அனுமதியில்லாமல் பொது றோட்டில் கைவைப்பது குற்றம், வழக்கு வரும், மூடிய ஆள் யாரென்று சொன்னால் இதைக் கிளறி அளக்கலாம் என்று பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணை தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார். நகக்கண்ணில் சீமெந்து காய்ந்திருந்தது. ஒரு பெயர் சொன்னால் எனக்குத் தாரும் கிடைக்கும், காரும் தப்பும். பல்லைக் கடித்துக்கொண்டு, தெரியாது என்றேன்.

அதிகாரி எங்கள் தெருவின் பெயருக்குக் குறுக்கே கோடு கிழித்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

“என்னவாம்?” அண்ணையின் முகத்தில் அப்படியொரு ஆவல். “வேலை பிடிச்சுதாமோ?”

“ஓம் அண்ணை. ஜெர்மன் வேலை மாதிரி இருக்காம்.”

மாரி தொடங்கியதும் சீமெந்து பெயர்ந்தது. ஸ்பிரிங் மூன்றாம் தரம் உடைந்த அன்று காரைத் தள்ளித் தந்தவரும் அண்ணைதான்.

“யோசியாதை தம்பி,” என்றார் மூச்சு வாங்கியபடி. “அடுத்தமுறை அவர் வரேக்கை இன்னுமொரு பை சீமெந்து கூடப் போடுவம்.”