கடலை அழகென்று எழுதுவது

பட்டம் வாங்க எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆங்கிலத் தாள். பாதி, பத்தியை வாசித்துப் பதில் எழுதுவது. மீதி, கற்பனையாகச் சொந்தமாக எழுதுவது. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. பழைய பாடத்திட்டத்துக்கு இதுவே கடைசித் தேர்வு. தேறினால் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை நிச்சயம். என்னைவிட அண்ணன்தான் அதற்காகக் காத்திருந்தான். ஒருமுறை விலகிப்போன தோள்பட்டையோடுதான் அவன் வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏளா, நீ வேலைக்குப் போயிட்டன்னா நான் கடலுக்குப் போறத விட்டுருதேன். சின்னதா ஒரு கடை போட்டுக்கிடுதேன்," என்பான்.

என்னை எப்போதும் கவிழ்த்தது கடல்தான். மாதிரித் தாளில் ஒருவன் அந்தி நேரம் கரையில் நின்று தொடுவானத்தையே பார்க்கிறான். ஏன் என்று கேள்வி. யாருடைய படகோ இன்னும் வரவில்லை, அதனால் என்று எழுதினேன். டியூஷன் டீச்சர் சிரித்துவிட்டார். "அவன் அழக ரசிக்கான்மா." எங்கள் மீனவ ஊரான புன்னைக்காயலில் பிறந்த எவளுக்கும் அந்தப் பதில் தோன்றாது. கட்டுரையிலும் அதே கதை. நான் காற்றையும் கரையில் காத்து நிற்கும் பெண்களையும் எழுதினால் கோடு போட்டு அடித்துவிடுவார். கடைசியில் அவரே ஒன்று எழுதித் தந்தார்: பொன்னிற அலைகள், ஆடி வரும் நுரை, அமைதியான நீலம். கடலென்று எது வந்தாலும் இதை இறக்கிவிடு என்றார். உருப்போட்டேன்.

அம்மா அர்த்தம் கேட்டாள். சொல்லித் தொலைத்தேன்.

"ஆளு கடல்ல கெடக்கையில கடல அழகுன்னு சொல்லாத. அதுக்குக் காது கேக்கும்."

எங்கள் தெருவில் யாரும் கடலை அழகென்று சொல்ல மாட்டார்கள். அம்மா ஒரே ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாள், அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமலே போன அந்தக் காலையில். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

தேர்வன்று காலை மற்ற எல்லாப் படகுகளும் வந்துவிட்டன. அண்ணன் போன வள்ளம் மட்டும் வரவில்லை. காற்று எழும்பியிருந்தது. போன் போகவில்லை. "நீ போ, அவன் வந்துருவான்," என்று அம்மா என்னைத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாதி மதிப்பெண்ணுக்கான கடைசிக் கேள்வி ஒரு படம். அந்தி, கடல், ஒரு படகு. வருணித்து எழுத வேண்டும். டீச்சரின் கட்டுரை முழுக்க நாக்கு நுனியில் நின்றது. முதல் வரியை எழுதக் கை வரவில்லை. சரி, என் பயத்தை எழுதுவோம் என்று பார்த்தேன். கடலைப் பற்றி என்னிடம் இருந்த ஆங்கிலமெல்லாம் புகழ்ச்சியாகவே இருந்தது. பக்கத்தை வெறுமையாகக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வந்து இறங்கினால் பஸ் நிறுத்தத்தில் அண்ணன் நிற்கிறான். எஞ்சின் மக்கர் செய்து மணப்பாட்டில் ஒதுங்கினார்களாம். நான் தேர்வறைக்குள் நுழைவதற்கு முன்பே கரையேறிவிட்டார்களாம். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"எப்படி எழுதுன?" என்றான்.

கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் திணித்தேன். அவன் திருப்பிக் கேட்கவில்லை.

நான் தேறவில்லை என்று முடிவு வந்தபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நான் எழுதாமல் விட்டதால்தான் பிள்ளை திரும்பினான் என்கிறாள் அம்மா. நேரம் ஒத்துவரவில்லையே என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. அவள் அதைச் சந்தோஷமாகச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

இன்று காலையும் அண்ணன் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு கடலுக்குப் போனான்.