பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷங்களாக நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டிருக்கிறேன். பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். என் மனைவி உயிரோடு இருந்தவரை இதை எழுதினால் அவள் மனசு நோகும் என்று எழுதவில்லை. அவள் போன பிறகு வேறொரு பயம் வந்தது. பூஜை செய்ததால்தான் எல்லாம் கெட்டது என்று யாராவது சாமியைப் பழித்துவிட்டால்? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். சாமி ஒன்றும் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாத வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. மைசூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். இருந்தோம் என்று எழுதியிருக்க வேண்டும், இப்போது நான் மட்டும்தான். எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகிப் புனேவுக்குப் போகும்போது, தான் வேலை பார்த்த கம்ப்யூட்டரை எங்களுக்கு விட்டுப்போனாள். மேஜைக்கடியில் வைக்கிற பெரிய பெட்டி, டி.வி. மாதிரி ஒரு திரை, தட்டுகிற பலகை, மவுஸ்.

“அப்பா, வேலை முடிஞ்சதும் சுவிட்சைப் படக்குனு அணைக்காதீங்க. இங்க அமுக்கி, மூடச் சொல்லுங்க. திரை கறுப்பானதுக்கு அப்புறம் சுவிட்சை அணைங்க. அதுக்கும் தூங்கப் போக நேரம் வேணும்ல?”

“உங்கப்பன் ஓடற ரயிலயே நிறுத்துனவரு, இத நிறுத்தத் தெரியாதாக்கும்?” என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து. அவள் கொள்ளேகால்காரி. மைசூரில் இத்தனை காலம் இருந்தும் அந்தப் பக்கத்துப் பேச்சு போகவில்லை.

“நான் எங்கடி ரயிலை நிறுத்தினேன்? நட்டு முடுக்கினேன்.”

“அதான் பாக்கறனே. அந்த எலியையும் ஸ்பானர் புடிக்கற மாதிரியே புடிச்சுட்டு இருக்கறீங்க.”

உண்மைதான். மவுஸை நான் அழுத்திப் பிடித்ததில் அம்புக்குறி திரையை விட்டே ஓடிவிடும். புதிதாகக் கற்கிற பெரியவர்களுக்குச் சொல்கிறேன், கையைத் தளர்த்தி வைத்தால் தானாக வரும். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு மணை மேல் வையுங்கள், வீடு பெருக்குகிற தூசி உள்ளே போகாது. சேமிக்கிற எதற்கும் பெயர் வையுங்கள். ‘புதுசு’, ‘புதுசு இரண்டு’ என்று விட்டால் பிறகு தேடி மாள முடியாது. “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே கூப்பிடுங்கள்” என்று திரையில் நம்பர் வந்தால் கூப்பிடாதீர்கள். இதெல்லாம் மகள் சொல்லித் தந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டோம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

புனேயில் மகள் உண்டாகியிருந்த அதே சமயத்தில் என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் பேச்சு வராது என்றார் டாக்டர். ஆட்டோவில் வரும்போது அவள், “அப்ப காலைல சாமிக்கு யாருங்க பாடறது? நீங்களா?” என்றாள். சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் மகள் ஓடி வந்தாள். சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக் ஒன்று வாங்கி வந்து, அம்மாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். விளக்கேற்றும்போது பாடுகிற பாட்டுகள், வெள்ளிக்கிழமைப் பாட்டுகள், நோன்புக் கதை எல்லாவற்றையும் பாடவும் சொல்லவும் வைத்துப் பதிந்தாள். கடைசியாக, “அம்மா, ஒரு தாலாட்டு” என்றாள்.

“வவுத்துல இருக்கறதுக்கு இப்பவே கச்சேரியா?”

“பாடும்மா.”

அவள் பாடினாள். அவள் அம்மா அவளுக்குப் பாடியது, அவள் எங்கள் மகளுக்குப் பாடியது. நடுவில் மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாட்டு நிற்கவில்லை.

ஊருக்குத் திரும்புகிற அன்று மகள் ஒரு சின்ன டிஸ்க் வாங்கி வந்தாள், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. எல்லாவற்றையும் அதில் இன்னொரு பிரதி போட்டாள்.

“பெட்டி கெட்டாலும் இது இருக்கும். ஆனா ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாதுப்பா. இத கொள்ளேகால்ல சித்திகிட்ட குடுத்து வைங்க.”

“அவ ஊட்டுல சக்கர டப்பாவுக்குள்ளயே எறும்பு” என்றாள் என் மனைவி. “இங்கயே பீரோவுல இருக்கட்டும்.”

“சரி, அப்ப தாலாட்டை மட்டுமாவது நான் எடுத்துட்டுப் போறேன்.”

அதற்கு என் மனைவி கண்டிப்பாக மறுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில், பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டி எதையும் சேர்த்து வைக்க மாட்டோம். துணி வாங்க மாட்டோம், தொட்டில் வாங்க மாட்டோம். “கொழந்த நல்லபடியா பொறக்கட்டும் சாமி. பொறந்தப்பறம் எங்கையாலயே தர்றேன்” என்றாள். மகளும் விட்டுவிட்டாள். அந்த விஷயத்தில் யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள்?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து எங்கள் காலை மாறியது. அவள் குளித்து வந்து விளக்கை ஏற்றுவாள். நான் கம்ப்யூட்டரைப் போட்டு அவள் பாட்டை ஓடவிடுவேன். அவள் குரல் அங்கிருந்து வரும், இவள் இங்கே கைகூப்பி நின்று உதட்டை மட்டும் அசைப்பாள். முதல் நாள் எனக்குத் தாங்கவில்லை. போகப் போக, அந்தப் பெட்டியும் பூஜை மாடத்தில் ஒரு பகுதி என்று ஆகிவிட்டது. கற்பூரம் காட்டும்போது அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுவாள்.

தசரா வந்தது. மைசூரில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, பஸ், லாரி, தையல் மிஷின் எதுவும் அன்றைக்குப் பொட்டும் பூவும் இல்லாமல் நிற்காது. எங்கள் வீட்டில் என் பழைய ஸ்பானர் பெட்டி, அரிவாள்மணை, புத்தகங்கள் வைப்போம். அந்த வருஷம் கம்ப்யூட்டர் பெட்டியையும் துடைத்து, மணைமேல் படுக்க வைத்தோம். பீரோவிலிருந்த டிஸ்க்கையும் அவள் எடுத்து வந்து அதன் மேல் வைத்தாள். அவள் குரல் இருக்கிற பொருள்களில் ஒன்றுக்குப் பூஜை, ஒன்றுக்கு இல்லை என்று எப்படி விட முடியும்? சந்தனம், குங்குமம், செவ்வந்தி. பக்கத்தில் உயரமாகக் கலசம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

சாயங்காலம் கீழ்வீட்டில் கொலுவுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தோம். வந்து பார்த்தால் ஒரு வாழைக்கன்று சாய்ந்து கலசத்தைத் தள்ளியிருக்கிறது. தண்ணீர் முழுக்கப் பெட்டியின் மேல். பெட்டிக்குப் பக்கவாட்டில் காற்றுப் போக ஓட்டைகள் இருக்கும் அல்லவா? படுக்க வைத்ததால் அந்தப் பக்கம் மேலே இருந்தது.

அவள் முந்தானையாலேயே துடைத்தாள். டிஸ்க்கையும் துடைத்தாள். பெட்டியைத் தூக்கிக் கவிழ்க்கலாமா என்று நான் கை வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெளியே காய்ந்துவிட்டது, உள்ளே என்ன போயிருக்கப் போகிறது என்று நினைத்தேன். நல்ல நாளும் அதுவுமாக மகளுக்குச் சொல்லிக் கவலைப்படுத்தவும் மனமில்லை.

விஜயதசமி காலை. அன்று தொட்டது துலங்கும் என்பார்கள், எடுத்து வைத்த கருவியை ஒரு தரமாவது ஓட்ட வேண்டும். நல்ல நேரம் பார்த்து, சாமி கும்பிட்டு, அவள் தன் கையாலேயே பொத்தானை அமுக்கினாள். உள்ளே ஏதோ சுற்றுகிற சத்தம். பிறகு உரசுகிற மாதிரி ஒரு சத்தம், ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் இல்லாத பேரிங் போடுகிற சத்தம். அதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கருகிய வாடை வந்தது, பெட்டி நின்றுவிட்டது.

அவள் டிஸ்க்கைக் காட்டினாள். கீழ்வீட்டு லேப்டாப்பைக் கேட்டு வாங்கி வந்து அதில் செருகினேன். அதுவும் உரசியது. அதுவும் நின்றது.

பண்டிகை முடிந்து கடை திறந்ததும் இரண்டையும் எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, “ஆன் மாடிபிட்ரா ஸார்?” என்று கன்னடத்தில் கேட்டார். ஆன் பண்ணிவிட்டீர்களா என்று. ஆமாம் என்றேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு, நனைந்ததைப் போடாமல் அப்படியே கொண்டு வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார். பெங்களூரில் இதற்கென்றே இருக்கிற இடத்துக்கும் அனுப்பிப் பார்த்தார். இரண்டிலும் பதிவு இருக்கிற தட்டிலேயே கீறல் விழுந்துவிட்டது, எடுக்க முடியாது என்று திரும்பி வந்தது.

பிரசவத்துக்கு வந்த மகளிடம் நான்தான் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் கேட்டோம், அம்மா பாடினது ஏதாவது உங்கள் போனில் இருக்கிறதா என்று. யாரிடமும் இல்லை. கூச்சக்காரி, வெளியே எங்கேயும் பாடியவள் இல்லை.

மார்கழியில் பேத்தி பிறந்தாள். தொட்டில் கட்டிய அன்று அவளைத் தொட்டிலில் போட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். பாட்டு வேண்டும். மகளுக்கு முதல் அடிக்கு மேல் வரவில்லை. என் மனைவி தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து முழுப்பாட்டையும் பாடினாள். காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு காலையில் விளக்கேற்றினால் நான் பாடுவேன். எனக்குச் சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. தப்பாகப் போனால் என் தோளில் விரலால் தட்டுவாள். அப்படியே சில வருஷம் ஓடியது. பிறகு வியாதி திரும்பி வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டது.

அவள் காரியத்துக்கு வந்திருந்த கொள்ளேகால் கொழுந்தியாள், கிளம்புகிற நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

“மாமா, ஒண்ணு காட்டட்டுங்களா? பழைய மெசேஜெல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்தனுங்க. அக்கா தட்டெழுதத் தெரியாம பேசியே அனுப்புவாளே, அதுல ஒண்ணு கெடக்குதுங்க. பாட்டு இல்லீங்க. நீங்க எல்லாம் பாட்டுத்தானே கேட்டீங்கன்னு...”

அவள் அதைத் தட்டினாள்.

“ஏய், பஸ்ஸு ஏறிட்டியா இல்லியா? இட்லி ஊத்தட்டுமா வேண்டாமா, ஒரு வார்த்த சொல்லு. வர்றப்ப முருங்கக்கீர பறிச்சுட்டு வா. உங்க மாமா கேட்டாரு. கேட்டுட்டு அந்தப் பொட்டி முன்னால போயி உக்காந்துட்டாரு, கூப்பட்டா காதே கேக்கறதில்ல. ஏனுங்க! உங்களத்தானுங்க!”

அவ்வளவுதான். பின்னால் குக்கர் விசில், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவுகிற சத்தம்.

பாட்டு இருக்கிறதா என்றுதான் கேட்டோம், பேச்சு இருக்கிறதா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்து, பூப்போட்டு வைத்ததெல்லாம் போய்விட்டது. முருங்கைக்கீரைக்காகச் சொல்லி அனுப்பியது, இன்னொரு வீட்டில் இருந்ததால், இருக்கிறது. அவள் இருக்கும்போதே இது கிடைத்திருந்தால் ஒரு தரம் அவளும் கேட்டிருப்பாள்.

என் மருமகன் நல்ல மனசோடு, “மாமா, அந்த குக்கர் சத்தம், தெருச் சத்தம் எல்லாத்தையும் எடுத்துட்டு, அத்தை குரலை மட்டும் கிளீனா ஆக்கித் தரேன்” என்றார். வேண்டாம் மாப்பிள்ளை, அப்படியே இருக்கட்டும் என்றேன். இப்போது அது மகளிடம் ஒன்று, கொழுந்தியாளிடம் ஒன்று, கீழ்வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று என்று இருக்கிறது. எதிலும் யாரும் கை வைக்கவில்லை. பேத்திக்கு அது மனப்பாடம். போனில் என்னைக் கூப்பிடும்போது, “ஏனுங்க! உங்களத்தானுங்க!” என்பாள். நானும் “வந்துட்டேன்” என்பேன்.

ஆயுத பூஜையை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். கலசத்தை மட்டும் தள்ளி வைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாருடைய குரலாவது, முகமாவது ஒரு பெட்டிக்குள் இருக்கும். இன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து, இன்னொரு வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். நனைந்துவிட்டால், எவ்வளவு நல்ல நேரமாக இருந்தாலும், பொத்தானைத் தொடாமல் கடைக்குக் கொண்டு போங்கள். இதைத் தெரிந்தவர்களுக்குப் படிக்கக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு வேண்டுகோள். சுருக்க வேண்டாம், அழகாக்க வேண்டாம், அவள் சொன்னதைத் திருத்த வேண்டாம். கீரையும் குக்கரும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எப்படி உங்கள் கைக்கு வந்ததோ அப்படியே அடுத்த கைக்குக் கொடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.