கெல்டர்ஷா என்று கூப்பிட்டால்

ஆர்னால்ட் கெல்டர்ஷாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் ஸ்லேட்டன் ஊரில் ஆள் நிறைய உண்டு. அந்தக் கூட்டத்தில் நான் சேர்த்தி இல்லை. ஆனால் அவனை முழுசாகத் தெரிந்தவள் நான்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் கடைக்கு வந்து மீனும் சிப்ஸும் வாங்குவான். வினிகரை முக்கால் புட்டி கவிழ்ப்பான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவானா என்றால் போகமாட்டான். பின்னால் வரிசை நிற்பது தெரியாமல் கவுண்டரில் சாய்ந்துகொண்டு தன் குடும்பப் பெயரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

சின்ன வயதில் பஞ்சாலையில் தூசி தின்றவன். ஆலை மூடியதும் பஸ் ஓட்டினான். பெண்டாட்டி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் ஜேனட். இவ்வளவுதான் மற்றவர்களுக்கு அவனுடைய வாழ்க்கை. அவனைக் கேட்டால் வேறு கதை சொல்லுவான். மேலே மேட்டுப் புல்வெளியில் ஒரு ஊற்று, அதைச் சுற்றிக் கொஞ்சம் மரம், நடுவில் ஒரு பண்ணை வீடு, அதற்கு கெல்டர்ஷா என்று பெயர், அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஆடு மேய்த்தவனுக்கு வீட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது என்று தொடங்குவான். உலகத்தில் எந்த மூலையில் கெல்டர்ஷா என்று ஒருவன் இருந்தாலும் அவன் அந்த ஒரு வீட்டிலிருந்து இறங்கியவன்தான் என்பான். அந்த வீடு இப்போது நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று மூழ்கடித்துவிட்டார்கள்.

"சொந்த ஊருக்குப் போகணும்னா உனக்குப் படகு வேணும்பா," என்பார் என் வீட்டுக்காரர் ஸ்டான், வாணலியிலிருந்து தலை தூக்காமல்.

"உன் பில்லிங் வம்சத்துக்கு என்னய்யா கவலை? கல்லை விட்டெறிஞ்சா ஒரு பில்லிங் மண்டையிலதான் விழும்."

அது உண்மைதான். ஸ்லேட்டனில் பாதிப் பேர் பில்லிங். நானும் கல்யாணமாகி பில்லிங் ஆனவள். பிறந்தபோது ஆலர்பி.

ஆர்னால்டின் முன்னறைச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருந்தது. விடுமுறை நாளெல்லாம் கல்லறைத் தோட்டங்களில் அலைந்து எங்கெங்கே கெல்டர்ஷா இருந்தான் என்று கண்டுபிடித்துக் குண்டூசி குத்துவான். பார்த்தால் பரிதாபமாக இருக்கும். முக்கால்வாசி ஊசி எங்கள் பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கும். ஐந்நூறு வருஷம் அந்தப் பெயர் ஒரு மலையைத் தாண்டவில்லை. ஆலை வந்த பிறகு மேலேயிருந்து ஊருக்குள் இறங்கினார்கள். பிரஸ்டனில் ஒரு தையற்காரர் இருந்தார், பிள்ளை இல்லை. டாஸ்மேனியாவுக்கு ஒருவன் கப்பலேறினான், அங்கே பிறந்ததெல்லாம் பெண். மிச்சம் ஒரே ஒரு ஊசி, பிரான்சில்.

"கெல்டர்ஷாக்கள் அதிகமா இருக்கிற ஊர் எது தெரியுமா, ஹெஸ்டர்?" என்று கேட்பான். நூறு தடவை கேட்டிருக்கிறான். "பிரான்ஸ்ல, ஒரு பீட்ரூட் வயலுக்குப் பக்கத்துல. ஒம்போது பேர். ஒம்போது ஊசி குத்த எடமில்ல, ஒண்ணுதான் குத்தியிருக்கேன்."

முதல் உலகப்போரில் எங்கள் ஊர்ப் பையன்களை மொத்தமாகச் சேர்த்தார்கள். ஒரே ஆலை, ஒரே தெரு, ஒரே கால்பந்துக் குழு, எல்லாரும் ஒரே படைப்பிரிவு. உங்களைப் பிரிக்கமாட்டோம், சேர்த்தே வைப்போம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். சொன்ன சொல் தவறவில்லை, சேர்த்தே புதைத்தார்கள். ஒரு ஜூலை மாதக் காலையில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஆர்னால்டின் பெரியப்பாக்களும் அவர்களுடைய பங்காளிகளுமாக ஒன்பது கெல்டர்ஷா. என் அப்பாவின் அண்ணன்மார் இரண்டு பேர், வால்டர் ஆலர்பி, பிரெட் ஆலர்பி. ஆர்னால்டின் அப்பாவுக்கு அப்போது பதினாலு வயது. அதனால்தான் ஆர்னால்ட் என்று ஒருவன் பிறக்க முடிந்தது.

அதிலிருந்து, போர் முடிந்த மாதம் என்று, ஒவ்வொரு நவம்பரிலும் ஊர் நடுவில் இருக்கும் நினைவுத்தூண் முன்னால் கூடுவோம். பாதிரியார் அதில் செதுக்கியிருக்கிற வரிசையில் செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அந்தக் குடும்பத்தில் உயிரோடு இருக்கிற ஒருவர் "இருக்கோம்" என்று பதில் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பார்களே, அந்த மாதிரி. பதில் சொல்ல ஆளில்லாமல் போன பெயருக்குப் பாதிரியார் கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். அந்த இடைவெளியில் காற்று அடிப்பது மட்டும் கேட்கும். மோசமான சத்தம் அது.

என் தம்பி சிரில் செத்த வருஷம் ஆலர்பிக்கு ஆண் பிள்ளை என்று யாரும் இல்லை. நான் இருக்கிறேனே என்று நினைத்தேன். பாதிரியார் "வால்டர் ஆலர்பி" என்றார். "இருக்கோம்," என்றேன்.

முன் வரிசையில் நின்ற ஆர்னால்ட் திரும்பினான். "ஹெஸ்டர், நீ இப்ப பில்லிங்," என்றான். சத்தமாகக்கூட சொல்லவில்லை. தவறான பஸ்ஸில் ஏறின ஆளை இறக்கிவிடுவானே, அந்தக் குரல்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஊரே பார்த்தது, ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. பிரெட் ஆலர்பி என்று அடுத்துக் கூப்பிட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தவனைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு யாருய்யா இந்த அதிகாரம் குடுத்தது? ரத்தம் ஆலர்பி ரத்தம்தானே?"

"ரத்தத்தைக் கூப்பிடலியே ஹெஸ்டர், பேரைத்தானே கூப்பிடறாங்க. சண்டைக்குப் போனது அந்தப் பேரு. பதிலும் அந்தப் பேருதான் சொல்லணும். எங்க அப்பா காலத்துல அப்படித்தான்."

அன்றைக்கு அவனுக்கு நான் கொடுத்த மீன் முந்தின நாள் மீன். தின்றுவிட்டு நல்லா இருந்தது என்று வேறு சொன்னான்.

சில வருஷம் கழித்து ஜேனட் கல்யாணம். மாப்பிள்ளை டெஸ்மண்ட் ஆஷ்பி, தெற்கத்திக்காரன், நுனி நாக்கில் பேசுகிறவன். கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் கடையில் வைத்தே ஆர்னால்ட் அவனிடம் கேட்டுவிட்டான்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். நீங்க எங்க பேரை எடுத்துக்கலாமே. ஆஷ்பி ஆயிரம் பேர் இருக்காங்க. இது என்னோட நின்னுடும்."

டெஸ்மண்ட் பாவம், வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தான். ஆர்னால்ட் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் இன்னும் பெரிதாகச் சிரித்தான். ஆர்னால்ட் பொட்டலத்தைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் போனான். மறுநாள் தேவாலய வாசலில், வெள்ளை உடுப்போடு நின்ற மகளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"பேரை விட்டுட்டுப் போற. இனிமே அது உன்னுது இல்ல. நெனவு வச்சுக்க."

கல்யாணத்தன்று ஒரு அப்பன் பேசுகிற பேச்சா இது? அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். தெற்கே கென்ட் பக்கம் குடியேறி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் போவாள். முதலில் டெஸ்மண்டோடு வந்தாள். அப்புறம் அவனுக்கு வேலை அதிகம் என்றாள். அப்பனும் மகளும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். டெஸ்மண்டைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆர்னால்டுக்கு நெஞ்சு போய்விட்டது. ஆலைத் தூசியும் சிகரெட்டும் சேர்ந்து கணக்கைத் தீர்த்தன. கடை வாசலிலிருந்து கவுண்டருக்கு வருவதற்குள் இரண்டு தடவை நிற்பான். போன வருஷம் அக்டோபரில் ஒரு நாள் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தான்.

"எனக்கப்புறம் அந்த ஒம்போது பேருக்கும் என்ன ஆகும் ஹெஸ்டர்?"

"எங்க வீட்டு ரெண்டு பேருக்கு ஆனதுதான். காத்து பதில் சொல்லும்."

வினிகர் புட்டியை எடுத்து, கவிழ்க்காமலே திரும்ப வைத்தான். எனக்கே பொறுக்கவில்லை. "உன் மக இருக்காளே, அவ சொல்லட்டுமே. நான் குறுக்க வரமாட்டேன்," என்றேன்.

"அவ ஆஷ்பி."

"அட, யாரு பாக்கப் போறா?"

"உன்னை நிறுத்தினேன்ல? உனக்கு ஒரு நியாயம், எம் மகளுக்கு ஒரு நியாயமா?"

அவனுடைய பிடிவாதத்தில் எனக்குப் பிடித்த இடம் இது ஒன்றுதான். அதுவே அவன் குடியைக் கெடுத்தது.

அந்த நவம்பரில் ஜேனட் கிளம்பி வந்து அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தூறல். நான் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றேன். பாதிரியார் "ஆல்பர்ட் கெல்டர்ஷா" என்றார். ஆர்னால்ட் "இருக்கோம்" என்றான். குரல் கீச்சென்று வந்தது. அடுத்த பெயர், அடுத்த பெயர். ஒவ்வொன்றுக்கும் மூச்சு சேர்த்துக்கொள்ள நேரம் பிடித்தது. பாதிரியாரும் காத்திருந்தார். ஐந்தாவதுக்கு உதடு அசைந்தது, சத்தம் பாதிதான். ஆறாவதுக்கு ஒன்றும் வரவில்லை. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

நான் ஜேனட்டைப் பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது. பிறகு மூடிக்கொண்டாள். பாதிரியார் காத்திருந்து பார்த்துவிட்டு ஏழாவதைக் கூப்பிட்டார். எட்டாவது. ஒன்பதாவது. நாலு பேருக்கும் காற்றுதான் பதில் சொன்னது. நாற்காலியில் அவன் அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது நான் பார்த்ததில்லை, அவன் பெண்டாட்டி செத்தபோதுகூட இல்லை. அவன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் என்ன ஆனதென்று தெரியவில்லை, தேடிப் பார்த்தேன், இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்விட்டான். கடைசி வாரத்தில் நான் சூப் கொண்டுபோனபோது என்னிடம் சொன்னது, "முடிஞ்சுது ஹெஸ்டர். அறுநூறு வருஷம். எங்கிட்ட வந்து நின்னுடுச்சு." ஜேனட் சமையலறையில் கெட்டிலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லாருக்கும் டீயும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஊருக்குப் புதிய பெண் ஒருத்தி, ஜேனட்டின் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, ரயிலேறி வந்திருந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"மன்னிக்கணும், மிஸ் கெல்டர்ஷா எங்க இருக்காங்க?"

"மிஸ் கெல்டர்ஷான்னு இங்க யாரும்மா இருக்கா? கடைசி ஆளை இப்பதானே புதைச்சோம்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஜேனட்டைக் கேக்கறேன்," என்றாள். "எங்க ஸ்கூலுக்கு மாறி வந்த நாள்லேருந்து மிஸ் கெல்டர்ஷாதானே. பசங்களுக்கு அந்தப் பேரு வாயில நுழையாம மிஸ் கெல்லின்னு கூப்பிடுவாங்க."

கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் போட்டிருப்பேன். ஜேனட் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினேன்.

"எத்தனை வருஷமாடி?"

நான் எதைக் கேட்கிறேன் என்று அவள் விசாரிக்கவில்லை. "டெஸ்மண்டை விட்டு வந்ததுலேருந்து ஆன்ட்டி. முறைப்படி மாத்தியாச்சு. ஏழு வருஷம் இருக்கும்."

"பாவி! அந்த மனுஷன் நெஞ்சு வெடிச்சு உட்காந்திருந்தாரே, பின்னாலதானே நின்ன? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. இனிமே உன்னுது இல்லைன்னு வாசல்ல வச்சு சொன்னாரு பாருங்க, அதுதான் காதுல கேட்டுச்சு. சொன்னா, ஊர் முன்னால திரும்பிப் பாத்து, நீ ஆஷ்பின்னு சொல்லுவாரு. உங்களைச் சொன்ன மாதிரி."

அவள் பக்கத்தில் போய்க் குழாயை மூடினேன்.

"வீட்டுலயாவது சொல்லியிருக்கலாமே, ஜேனட்."

"கேப்பாருன்னு இருந்தேன் ஆன்ட்டி. ஒரு தடவை, என்னம்மா, எப்படி இருக்க, அவன் எங்கன்னு. அவர் கேட்டா சொல்லிடலாம்னு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தேன்."

கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே துடைத்த கோப்பை அது.

நேற்று இந்த வருஷத்து நவம்பர்க் கூட்டம். ஜேனட் வந்திருந்தாள். ஆர்னால்ட் நிற்கும் இடத்தில் நின்றாள். பாதிரியார் கெல்டர்ஷா என்று ஒன்பது தடவை கூப்பிட்டார், ஒன்பது தடவையும் "இருக்கோம்" என்றாள். டீச்சர் குரல், கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். பதில் சொல்லச் சொல்லக் கண்ணிலிருந்து கொட்டியது. துடைக்கவில்லை.

பிறகு வால்டர் ஆலர்பி என்று கூப்பிட்டார். ஜேனட் திரும்பி என்னைப் பார்த்தாள். கை நீட்டி என் முழங்கையைப் பிடித்தாள்.

"இருக்கோம்," என்றேன். இத்தனை வருஷம் பூட்டிவைத்த குரல், துருப்பிடித்துத்தான் வந்தது. பிரெட் ஆலர்பிக்கும் சொன்னேன்.

யாராவது திரும்புவார்கள், முணுமுணுப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற பில்லிங் ஒருவன் மூக்கைச் சிந்தினான். பாதிரியார் அடுத்த பெயருக்குப் போனார். அந்தச் சட்டத்தை ஊரில் மதித்தது ஆர்னால்டும் ஜேனட்டும் நானும் மட்டும்தான் போலிருக்கிறது.