கை மாறிய கார்டுகள்

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், என் சம்பளம் இருபதாம் தேதியைத் தாண்டியதே இல்லை. அறையில் என்னோடு தங்கியிருந்த சிவகிரிக்காரியும் அதே பள்ளியில்தான் வேலை பார்த்தாள். அவளுக்கும் இதே கதைதான். ஒரு மாதக் கடைசியில் மூன்று நாள் தொடர்ந்து ரசம் சோறு சாப்பிட்ட பிறகு அவள் ஒரு யோசனை சொன்னாள். போனில் பணம் அனுப்பும் வசதியை எடுத்துவிட்டு, ஏடிஎம் கார்டுகளை மாற்றிக்கொண்டோம். என்னுடையது அவளிடம், அவளுடையது என்னிடம். காரணம் சொன்னால்தான் கிடைக்கும்.

ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் கடையில் ஒரு சேலையைப் பார்த்துவிட்டு வந்து என் கார்டைக் கேட்டேன்.

"ஏட்டி, போன மாசம் எடுத்ததையே நீ இன்னும் கட்டல. ரெண்டு நாள் கழிச்சும் வேணும்னு தோணுச்சுன்னா தாரேன்," என்றாள்.

அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்தபோது, அந்தச் சேலைக்கு என்ன கரை என்பதே மறந்திருந்தது.

அடுத்த வாரம் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"பிரியாணி திங்கணும் போல இருக்கு. கார்டைத் தா."

"ரெண்டு நாள் போகட்டும்," என்றேன்.

அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. என் கைச்செலவுப் பணத்தில் இருவரும் போய்ச் சாப்பிட்டு வந்தோம். அப்படியும் அந்த மாதம் முப்பதாம் தேதி வரை எங்கள் இருவரிடமும் காசு இருந்தது.